எங்கள் வீட்டுக் கண்டம் ஜீப்

அந்த ஜீப் எங்கள் வீட்டுக்கு ஓடி வரவில்லை. இரண்டு உழவு மாடுகள் அதை இழுத்துக்கொண்டு வந்தன. முன்னால் மாடு, நடுவில் தாம்புக்கயிறு, பின்னால் ஜீப். அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் என் மாமனார். வல்லக்கோட்டைச் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது கையை வெளியே நீட்டிச் சைகை வேறு காட்டினார். பின்னால் வந்தது ஒரு நாயும், வேலைக்குப் போகாத நாலைந்து ஆண்பிள்ளைகளும்தான். டயர்களுக்குள் வைக்கோல் திணித்திருந்தது. விளக்குகள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். பேனட் பறந்துவிடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தாம்பரத்துப் பெண் நான், மோட்டார் வண்டி பார்க்காதவள் இல்லை. ஆனால் மாட்டுக்குப் பின்னால் இவ்வளவு மிடுக்காக உட்கார்ந்து வந்த டிரைவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மாமியார் வாசலில் நின்று முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், மாமனாரை மாமா என்று. 

"இத்த இட்டாந்து எங்க வெக்கப் போறீங்க?" என்றார் அத்தை.

"மாட்டுக் கொட்டாயில."

"அப்போ மாடு?"

"அது வெளிய குந்தட்டும். மாடு இன்னா, துருவா புடிச்சுடப் போவுது?"

ராணுவம் உதவாது என்று கழித்துவிட்ட வண்டியைக் கண்டம் வண்டி என்பார்கள். ஆவடிப் பக்கம் ஒரு ஏலத்தில் எடுத்ததாக மாமா சொன்னார். பெரிய யுத்த காலத்து வண்டி, வெள்ளைக்காரன் விட்டுப்போனது, ஸ்டீயரிங் இடது பக்கம். மாமாவும் ராணுவத்தில் டிரைவராக இருந்து வெளியே வந்தவர்தான். அவர் வந்து சேர்ந்து ஒன்றரை வருஷத்துக்குள் வண்டியும் வந்து சேர்ந்தது. அத்தை அன்றைக்கு ராத்திரிச் சோற்றை வடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ரெண்டு கண்டமும் என் தலையில."

எழுபதுகளின் பிற்பாதி அது. இன்று எங்கள் ஊரை ஒட்டிய ஒரகடம் என்றால் அகலச் சாலையும் கன்டெய்னர் லாரியும் ஷிப்ட் பஸ்ஸும்தான். அன்று ஏரியும் நெல்லும் முள்ளுக்காடும். ஒரு பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் வரும்வரை ஊரில் சத்தமே இருக்காது. அந்த அமைதிதான் மாமாவுக்கு ஆகவில்லை. ஆயுசில் பாதியை மலைப்பாதையில் லாரி ஓட்டிக் கழித்தவர். நிலத்தில் இறங்கினால் ஒரு சால் ஓட்டுவதற்குள் வரப்பில் ஏறி நின்று சாலையைப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தால் ரசத்துக்கு முன்பே எழுந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட இடது கால் சும்மா இருக்காது, இல்லாத கிளட்சை மிதித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை யூரியா வாங்கப் போகிறேன் என்று ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பினார். ஒரு வாரம் கழித்து மைசூரிலிருந்து வந்தார். யூரியாவோடுதான் வந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். "அந்தப் பக்கமா ஒரு லாரி போச்சு, ஏறிக்கினேன்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அத்தை தன் கல்யாண வாழ்க்கையை லீவு லீவாக வாழ்ந்தவர். மாமா வருவார், இருப்பார், லீவு முடிவதற்கு முன்பே டிரங்குப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். "வந்தா விருந்தாளி, போனா மிலிட்டரி" என்பது அத்தையின் வாய்ப்பாடு. இரண்டு பிள்ளைகளைத் தனியாகப் பெற்று, தனியாக வளர்த்து, நிலத்தையும் பார்த்து, பென்ஷனோடு மனிதர் திரும்பியபோது இனிமேல் வீட்டில் ஓர் ஆள் இருக்கும் என்று நம்பினார். அவருக்கு இருந்தது ஒரே பயம்: இந்த மனிதர் மறுபடி போய்விடுவார், இந்த முறை லீவுக்குக்கூட வரமாட்டார். கொட்டகையில் மாமா சுத்தியலால் தட்டும் ஒவ்வொரு சத்தமும் அத்தைக்கு அந்தப் பயத்தைத்தான் சொன்னது. போவதற்கு இதுவரை அவருக்கு வண்டி கிடைக்க வேண்டியிருந்தது. இப்போது வீட்டிலேயே வண்டி தயாராகிக்கொண்டிருந்தது.

எனக்கு ஆரம்பத்தில் கோபம்தான். என் கணவர் அம்பத்தூரில் ஷிப்ட் வேலை, வாரத்துக்கு ஒருநாள் வருவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் நானும் அத்தையும் இந்த உறுமாத ஜீப்பும். சமையல்கட்டில் ஒரு பாத்திரம் நிலைக்காது. என் சீர்வரிசை அண்டாவில் கார்புரேட்டர் ஊறும். இட்லித் தட்டின் குழிகளில் சின்னச் சின்ன நட்டுகளை அளவு பார்த்துப் போட்டு வைப்பார். கேட்டால், "குழி குழியா கீது மா, இதுக்குன்னே செஞ்ச மாதிரி" என்பார். பழைய பெயின்ட்டைச் சுரண்டினால் பச்சைக்குக் கீழே காக்கி, காக்கிக்குக் கீழே மறுபடி பச்சை, அதற்கும் கீழே பேனட்டில் ஒரு வெள்ளை நட்சத்திரம் தெரிந்தது. அதைப் பார்த்த அன்று மாமா தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்பிரிங் பட்டையை ஊர்க் கொல்லரிடம் காய்ச்சி எடுத்தார். சீட்டுக்கு உறை கிடைக்கவில்லை என்று அவர் அலைந்தபோது, அத்தையே கோணிச் சாக்கை இரட்டையாக மடித்துக் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தார். "ஏன் அத்தை, நீங்களே சீட்டுப் போட்டு அனுப்புறீங்களா?" என்று கேலி செய்தேன். "துருப் புடிச்ச தகரத்து மேல குந்தி வேல செய்றாரு பொண்ணே. பாக்க முடியில" என்றார். வேண்டாம் என்று நினைக்கிற காரியத்துக்கும் கை உதவாமல் இருக்காது அவருக்கு.

ராணுவத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது பேனட்டைத் திறந்து, இன்ஜின் ஓரத்தில் இருக்கும் ஒரு கறுப்பு மூடியைக் கழற்றி, அதற்குள்ளே இருக்கும் கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். ரோட்டர் என்று பெயர். அது இல்லாமல் எதிரியே வந்தாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. எங்கள் ஊரில் எதிரி யாரும் இல்லை. அந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்குப் புத்தி கெட்ட திருடனும் இல்லை. ஆனாலும் மாமா ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ரோட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வருவார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அந்த இன்ஜின் முதல் முறையாக உறுமியது. கொட்டகை முழுக்கப் புகை. வெளியே கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஏரிக்கரை வரை ஓடியது. மாமா இன்ஜினை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகை என்றார். மறுநாள் ஸ்பேனர், சுத்தியல், அரிவாள், கலப்பை எல்லாவற்றையும் பலகையில் அடுக்கியபோது அத்தை கை நீட்டினார். "வண்டியோட உசுரு அதாம்னு சொல்றீங்களே, அத்தக் குடுங்க." ரோட்டரை வாங்கிக் கழுவித் துடைத்து, நடுவில் இருந்த பித்தளைத் தகட்டின் மேல் பொறுமையாகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். பூஜையில் வைத்ததை அன்று எடுக்கக் கூடாது என்பதால் மாமா அன்று முழுவதும் தெருவை அளந்துகொண்டிருந்தார்.

விடிந்ததும் ஊரே கூடிவிட்டது. நாலு சக்கரத்துக்குக் கீழேயும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. வண்டி வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போய் வருவதாக ஏற்பாடு. மாமா ரோட்டரை மாட்டினார், ஏறி உட்கார்ந்தார், கிளப்பினார். ஒன்றும் இல்லை. இருமக்கூட இல்லை. பத்துப் பேர் தள்ளித்தான் அந்த எலுமிச்சம்பழங்களை நசுக்க வேண்டியதாயிற்று. முந்தாநாள் உறுமிய வண்டி இன்று ஏன் உறுமவில்லை என்று மாமா பெட்ரோல் குழாயைக் கழற்றினார், பிளக்கைக் கழற்றினார், பேட்டரியைத் தூக்கிக்கொண்டு படப்பைக்கு ஓடினார். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் கொட்டகையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் அத்தையும் ஓடினோம். மாமா ரோட்டரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். தகட்டின் மேல் சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி மின்சாரம் போகவில்லை.

"சீனாக்காரன் நிறுத்தாத வண்டிய நீ துளி சந்தனத்துல நிறுத்திட்டியேமே!" என்றார்.

அத்தைக்கு முகம் செத்துப்போயிற்று. சாமி காரியத்தில் தப்பு நடந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் மாமா சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு, "இத்தினியூண்டு தாம்மே. இது இல்லன்னா அம்மாம் பெரிய வண்டியும் பொணம்" என்று சொன்னபோது, அத்தை அந்தத் துண்டைப் பார்த்த பார்வை வேறு. வீட்டைப் பூட்டும் சாவி கைக்கு எட்டும் இடத்தில் தொங்குவதை அப்போதுதான் கண்டுபிடித்தவர் பார்வை அது.

தை பிறந்ததும் கிளம்புவதாக மாமா சொல்லிவிட்டார். எங்கே என்று கேட்டால் "பதான்கோட்டு வரிக்கும்" என்பார், வடக்கே பஞ்சாபில் இருக்கிற ராணுவ ஊர் அது. ஒருநாள் "அதுக்கு மேலயும்" என்பார். திரும்பி வருவது பற்றிப் பேச்சே இல்லை. பொங்கல் முடிந்து, மூட்டை கட்டி, தண்ணீர் கேனை ஜீப்பின் பின்னால் வைத்துக் கட்டிய அன்று காலையில் ரோட்டரைக் காணவில்லை. மாமா சட்டைப்பையை உதறினார், கொடியில் இருந்த துணியை எல்லாம் உதறினார், கொட்டகைத் தரையைச் சலித்தார், எருக்குழியைக்கூடக் கிளறிப் பார்த்தார். அத்தை அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை, தலை நிமிரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அவர் போகக் கூடாது என்பதில் நானும் அத்தை பக்கம்தான்.

மாமா அதே காலோடு பஸ் ஏறிப் பட்டணம் போய், புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வேறொரு ரோட்டரோடு வந்து நின்றார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்தபோது அத்தை தோற்றுப்போனார் என்று நினைக்கிறேன். இவ்வளவு வேகமாகப் போக நினைக்கிறவரை எதை ஒளித்து வைத்து நிறுத்துவது? உள்ளே போய்ப் புளிப்பானைக்குள் கைவிட்டுத் துணி முடிச்சு ஒன்றை எடுத்து வந்தார். அவிழ்த்து மாமா முன்னால் வைத்தார்.

"ஒண்ணு போனா ஒண்ணு ஒதவும். ரெண்டையும் எட்த்துக்கினு போங்க" என்றார்.

மாமா அதையும் பார்த்தார், அத்தையையும் பார்த்தார். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் போய்விட்டார். ஜீப் சத்தம் ஒரகடம் பக்கம் தேய்ந்து போகும்வரை அத்தை வாசலில் நின்றார். பிறகு மாட்டை அவிழ்த்துக் கொட்டகையில் கட்டிவிட்டு, "இத்தோட சரி பொண்ணே" என்றார். நான் அன்று அழுதேன். அத்தை அழவில்லை, எனக்கு அதுவும் கோபமாக இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் ஜீப் திரும்பி வந்துவிட்டது. கிருஷ்ணகிரி தாண்டி எங்கேயோவரைதான் போயிருக்கிறார். இறங்கியவர் முகம் வாடிக் கிடந்தது. வண்டி மக்கர் பண்ணியதா என்று கேட்டேன். "அதான் மா இல்ல. ஒண்ணுமே ஆவல. ஏறிக் குந்துனா போய்க்கினே கீது" என்றார். ஏதோ அநியாயம் நடந்துவிட்டதைச் சொல்லும் குரலில் சொன்னார். எனக்கு அன்று சிரிப்பு வந்தது. வயதான பிறகுதான் புரிகிறது. அவருக்கு வேண்டியிருந்தது பதான்கோட்டு இல்லை, கைக்கு அடங்காத ஒரு கோளாறு.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் மோசம். துருப்பிடித்த ஜீப் இருந்தவரை அவருடைய கால் கொட்டகைக்குள் கொஞ்சம் தங்கியது. ஓடும் ஜீப் வந்த பிறகு அவரை எங்கேயும் பிடிக்க முடியவில்லை. டீ குடிக்கப் படப்பை, பேப்பர் பார்க்க ஸ்ரீபெரும்புதூர், ஒன்றுமில்லாததற்கு வாலாஜாபாத். போன வேகத்தில் திரும்புவார், திரும்பிய வேகத்தில் கிளம்புவார். துடைத்த பேனட்டையே துடைப்பார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் ஓர் இடத்தில் நிற்க முடியாது. நானும் காரணமில்லாமல் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் அவரோடு ராணுவத்தில் இருந்த ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அஸ்ஸாம் பக்கம் மலையில் ரோடு போடும் கான்ட்ராக்டரிடம் வேலை, ஜீப்போடு வந்தால் உடனே சேர்த்துக்கொள்வார்கள், வேலை முடிய வருஷக் கணக்காகும் என்றார். மாமா அவரை முடிக்கவிடவில்லை. "சலோ" என்றார், கிளம்பலாம் என்பதற்கு மிலிட்டரி இந்தி. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அத்தை அடுக்களை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நண்பர் சென்னைக்குப் போய்க் காத்திருப்பதாகவும் வெள்ளிக்கிழமை காலையில் மாமா போய்ச் சேர்ந்துகொள்வதாகவும் பேச்சு. டிரங்குப் பெட்டியைத் துடைக்கும் வேலை மறுபடி தொடங்கிற்று. இரண்டு ரோட்டரும் சட்டைப்பையிலேயே இருந்தன. குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கண்ணில் படும்படி மாட்டிவிட்டுத்தான் குளித்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மாமா எழுந்ததும் ஒரு ரோட்டரை வண்டியில் மாட்டிவிட்டுப் பெட்டியைக் கட்ட உள்ளே போனார். நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, நிலைப்படிக்கும் மஞ்சள் தடவிவிட்டு, கிண்ணத்தோடு கொட்டகைப் பக்கம் போனார். பேனட் திறக்கும் கிறீச்சென்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, "ஓடற வண்டி இருந்தா அந்த மனுசனால தாங்க முடியில பொண்ணே" என்றார்.

மாமா பெட்டியை ஏற்றினார். ஏறி உட்கார்ந்து கிளப்பினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி கிளப்பினார். இறங்கிப் போய் பேனட்டைத் திறந்தார். நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன், எனக்கும் தெரிந்தது. ஒரு கறுப்பு ஒயர் பிடுங்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இரண்டு விரல் பட்ட இடத்தில் மஞ்சள். மாட்டிவிட்டால் ஒரு நிமிஷ வேலை. மாமா அந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். துடைக்கவில்லை. அவருடைய இடது கால் அசையாமல் நின்றதை முதல் முறையாக அன்றுதான் பார்த்தேன். பிறகு ஓசையில்லாமல் பேனட்டை மூடினார்.

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இந்தாம்மே, வண்டி கெளம்பாது போல கீது. இன்ஜினயே எறக்கிப் பாக்கணும்."

அத்தை உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. குரல்தான் வந்தது. "எம்மாம் நாளு ஆவும்?"

"யாருக்குத் தெரியும்? ஆவும்."

"அப்போ வந்து குந்தி சாப்புடுங்க."

மாமா போய் உட்கார்ந்தார். ரசத்துக்கும் இருந்தார், மோருக்கும் இருந்தார். வெயில் தாழ்ந்ததும் கொட்டகையில் சாக்கை விரித்தார். ஒரு குறையும் இல்லாத அந்த இன்ஜினை ஒவ்வொரு நட்டாகக் கழற்ற ஆரம்பித்தார். நட்டுகளைப் போட்டு வைக்க அத்தை இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.